தினம் ஒன்பது இலை

ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில், எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு ஒரு சுவீடன் தேசத்துப் பெண்ணுடையது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே டெலிபோன் கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை. முப்பது வயசு இருக்கும். காலையில் படியில் பார்த்தால் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அதற்குமேல் பேச என்னிடம் இங்கிலீஷ் கிடையாது. சேலத்துப் பக்கம் பத்தாவது வரை படித்தவள் நான். தேங்க்யூ, சாரி, நோ ப்ராப்ளம், இந்த மூன்றை வைத்துக்கொண்டே அமெரிக்காவில் இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தேன்.

அவளுடைய கல்யாணத்துக்குப் போன கதையை எழுத வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அவள் வீட்டில் நான் செய்த திருட்டைச் சொல்லியாக வேண்டும். செய்தபோது அது திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தபிறகு அதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது, கையில் சாவி. என் வீட்டுக்காரர் அவளிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். கேன்சராம். இன்னைக்கே ஊருக்குக் கெளம்பறா. எப்ப வருவான்னு அவளுக்கே தெரியாதாம். உள்ள ஒரு செடி இருக்குது, வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்துவியான்னு கேக்கறா."

"இதைக் கேக்கணுமா? ஊத்தறேன்னு சொல்லுங்க. ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க."

"ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வந்து நிக்குது, ரசஞ்சாதமாம்."

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஜன்னலோரம் ஒரு மண்தொட்டி. முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. பொடிப்பொடியாக, எண்ணெய் தடவின மாதிரி மினுக்கும் இலை. மண்ணில் ஒரு விரலை விட்டு, எது வரைக்கும் ஈரம் இருக்க வேண்டும் என்று கணுவைத் தொட்டுக் காட்டினாள். பிறகு செடியைக் காட்டி "மதர்" என்றாள். சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவைக் காட்டி மறுபடியும் "மதர்" என்றாள். போட்டோவில் கல்யாணக் கோலத்தில் ஒரு சின்ன வயசுப் பெண். தலையில் ஏதோ இலையால் கட்டின சின்னக் கிரீடம். அம்மா கொடுத்த செடி என்கிறாள் போல, என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்தாளாம், என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாங்கள் எல்லாம் கறிவேப்பிலைக் கன்றை அப்படித்தான் கொண்டுவந்தோம்.

அந்த அறையில் இரண்டு கடிகாரம் இருந்தது. ஒன்று டெக்சாஸ் நேரம். இன்னொன்று அவள் ஊர் நேரம், ஏழு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, சேலத்திலிருந்து என் தம்பி போன் செய்தான். எங்கள் அம்மாவுக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போய்விட்டது, ஆபரேஷன் செய்யவேண்டும், தாங்குவார்களா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

"நான் வர்றேண்டா."

"வாக்கா, வந்துரு," என்றான். அழுதான்.

போக முடியவில்லை. எங்கள் விசாவை நீட்டிக்கக் கொடுத்திருந்த காகிதம் இன்னும் வரவில்லை. "இப்ப வெளிய போனா திரும்பி உள்ள விடமாட்டான். உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர். தடுக்காமலே தடுக்கிற பேச்சு அது. அன்றைக்குப் பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, நாற்பத்தெட்டு நாள் துளசி அர்ச்சனை செய்கிறேன், அம்மாவைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகுதான் துளசி ஞாபகம் வந்தது. ஒருவர் கொடுத்த துளசி எங்கள் பால்கனியில் இருந்தது. டிசம்பர் பனியில் கருகி வெறும் குச்சியாக நின்றது.

மறுநாள் எதிர்வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். புறங்கை இலையில் உரசியது. அப்படியொரு வாசனை! மரிக்கொழுந்தையும் நீலகிரித் தைலத்தையும் சேர்த்துக் கசக்கின மாதிரி. அங்கேயே நின்றுவிட்டேன். பெருமாளே கொண்டுவந்து வைத்த செடி என்றுதான் நினைத்தேன். அடுத்தவள் செடி என்பது தெரியாமல் இல்லை. துளசியை நுனி கிள்ளினால் இன்னும் தழையும், இதுவும் தழைக்கத்தானே போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் குளித்துவிட்டு, ஈரத்தலையை முடிந்துகொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போவேன். செடியைக் கும்பிட்டு, "தாயே, எங்கம்மா உசுருக்காகக் கேக்கறேன், குடு," என்று சொல்லிவிட்டு ஒன்பது இலை கிள்ளுவேன். ஒன்றொன்றாக, இரண்டு விரலால், நகம் படாமல். அப்போது எங்கள் நேரம் காலை எட்டு. சுவரில் இருந்த அந்த இன்னொரு கடிகாரம் மூன்று காட்டும்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத வீடு ஒரு மாதிரி இருக்கும், நமக்குத் தெரியும். இது அப்படி இல்லை. செடிக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி, அதில் மடித்துப் போட்ட கம்பளிச் சால்வை. செடி என்றால் ஜன்னல் வெளிச்சத்துக்குத்தானே சாயும்? இதன் கொழுந்தெல்லாம் அறைக்குள் திரும்பி, அந்த நாற்காலிப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நான் தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடியும் நாற்காலிப் பக்கம். கதவைத் திறக்கும்போதெல்லாம், பின்னல் போட்டுக்கொள்வதற்கு ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, எனக்காகக் காத்திருப்பது போலவே இருக்கும். முதல் வாரம் பயமாக இருந்தது. பிறகு பயம் போய்விட்டது. "வந்துட்டேன்மா," என்று சொல்லிக்கொண்டே நுழைய ஆரம்பித்தேன். யாரிடம் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் செடி திரும்புவதைச் சொன்னேன்.

"ஹீட்டர் காத்து அடிக்குதுல்ல, அதுல திரும்பியிருக்கும்."

"தொட்டி பத்துக் கிலோ இருக்கும்ங்க."

"அப்ப நீ திருப்பி வைக்க மறந்திருப்பே."

நாற்பத்தோராம் நாள். ஏழு இலை கிள்ளியிருந்தேன். அவள் வீட்டு டெலிபோன் அடித்தது. அதை எடுக்கிற உரிமை எனக்கு இல்லை. எடுத்தாலும் என்ன பேசுவேன்? நாலு தடவை அடித்தது. பக்கத்தில் இருந்த பதிவு மெஷின் தானாகத் திறந்துகொண்டது. ஒரு வயசான பொம்பளைக் குரல். சன்னமாக, மூச்சு வாங்கி வாங்கி, எனக்குத் தெரியாத பாஷையில் பேசியது. அவசரமே இல்லாத பேச்சு. நடுவில் ஒரு இடத்தில் சிரித்தது. கடைசியில் ஒரே வார்த்தைகளை இரண்டு தடவை சொல்லி, வைத்துவிட்டது. மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. எட்டாவது இலையையும் ஒன்பதாவது இலையையும் அதற்குப் பிறகுதான் கிள்ளினேன்.

நாற்பத்தெட்டாம் நாள் அர்ச்சனை முடித்து எழுந்தேன், தம்பி போன். ஆபரேஷன் முடிந்தும் இத்தனை நாளும் பாதி நினைவோடு கிடந்த அம்மா அன்றைக்கு எழுந்து வாசல்வரை நடந்து வந்து, "காப்பியில சக்கரை ஏன் கம்மியா போட்டே?" என்று அவன் பெண்டாட்டியைத் திட்டினார்களாம். நான் விழுந்து கும்பிட்டேன். பாயசம் வைத்தேன். சாயந்திரம் என் வீட்டுக்காரர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"எதிர்வீட்டுப் பொண்ணோட அம்மா இன்னைக்குப் போயிட்டாங்களாம். ஆபீஸ்ல மெயில் வந்துச்சு."

பாயசத்தை நான் தொடவில்லை. என் அம்மாவுக்காக யாருடைய செடியிலிருந்து எடுத்தேன்? அந்த "மதர்" என்ற சொல்லுக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது மாதிரி இருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"பைத்தியமா உனக்கு? அந்தம்மாவுக்கு நோவு வந்து எத்தனையோ மாசம் ஆச்சு. நீ கிள்ளின இலையிலயா போனாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அவகிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதே," என்றார்.

மூன்று வாரம் கழித்து அவள் இளைத்துக் கறுத்து வந்தாள். நேராகச் செடியிடம்தான் போனாள். நான் பின்னாலேயே நின்றேன். நான் நினைத்த மாதிரியே நுனி கிள்ளின இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகத் துளிர்விட்டு, போனபோது இருந்ததற்கு இரண்டு பங்காகப் புதர் போல நின்றது செடி. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எப்படி, எப்படி என்று கேட்டாள்.

"வாட்டர்," என்றேன்.

அது முதல் பொய். அதற்கப்புறம் படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், அடுப்பில் என்னவோ வைத்திருக்கிற மாதிரி உள்ளே ஓடிவிடுவேன்.

மே மாசம் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையும் அவள் ஊர்க்காரன், அதே ஆபீஸ். ஊரில்தான் செய்வதாக இருந்ததாம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று அந்த வருஷம் கம்பெனியில் யாருக்கும் நீண்ட லீவு கிடையாது. அதனால் ஜூனில் இங்கேயே ஒரு சின்ன சர்ச்சில், முப்பது பேரோடு. பத்திரிகை கொடுக்க வந்தவள் என் வீட்டுக்காரரிடம் நிறையப் பேசினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அந்தச் செடி இருக்குதுல்ல, மிர்ட்டிலாம். அவங்க ஊர்ல பொண்ணோட கிரீடத்தை அந்த இலையிலதான் கட்டுவாங்களாம். அம்மா வீட்டுச் செடியில இருந்து. போட்டோவுல அவங்கம்மா வச்சிருக்கறதும் இதோட தாய்ச்செடி இலைதானாம். அம்மாதான் கட்டணும். இப்ப அவங்க இல்லை. நீ படியில உக்காந்து விரலாலயே சாமந்தி கட்டறதைப் பாத்திருக்கா. நீதான் கட்டித்தரணுமாம்."

"வேண்டாங்க. வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க."

"நான் சரின்னு சொல்லிட்டேனே."

"என்னைக் கேக்காமயா?"

"பூக் கட்டறதுக்குக் கூடவா உன்னைக் கேக்கணும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் அவள் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தனுப்பினாள். வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி அச்சடித்திருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் யாரென்று தெரிய வேண்டுமாம், அது அவர்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தார். அவரைப் பற்றி, "கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதன் நெற்றியில் திருநீறு பூசுபவர்" என்று போட்டிருந்தார்கள். "பாத்தியா, ஒரே ஒரு தடவை செஞ்சேன், அதைப் பிடிச்சுக்கிட்டாங்க," என்று சிரித்தார். அப்புறம் என் வரி. "அம்மாவின் செடியை உயிரோடு காத்தவர். எப்படி என்று அவரையே கேளுங்கள்."

நான் தட்டில் கை கழுவிவிட்டேன். நாளைக்கு முப்பது பேர் கேட்பார்கள். முப்பது பேருக்கும் வாட்டர் என்று சொல்லவேண்டும். அதைவிட, கிள்ளின அதே விரலால், செத்தவள் மகளுக்குக் கிரீடம் கட்ட வேண்டும். சொல்லாமல் அதைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சொன்னால் அவள் என்னை வெளியே போகச் சொல்லலாம். கிரீடம் இல்லாமல் அவள் கல்யாணம் நடக்கலாம். அதுவும் என்னால்தான்.

காலையில் போனேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு, வெள்ளைக் கவுனை இன்னும் போடாமல், பனியனோடு இருந்தாள். நான் சேலத்திலிருந்து வந்த ஒரு புதுப் புடவை எடுத்துப் போயிருந்தேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்போம். கல்யாணத்துக்கு முன்னால் புதுப் புடவையும் பூவும் வைத்து, வா தாயே என்று அவளை வீட்டுக்கு அழைக்காமல் ஒரு காரியத்திலும் கை வைக்க மாட்டோம். சால்வை கிடந்த அந்த நாற்காலியில் புடவையை வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வாட்?"

"மதர்," என்றேன். "மதர் கம்."

அவள் முகம் என்னவோ போல் ஆனது. போய் அந்தப் பதிவு மெஷினின் பொத்தானை அமுக்கினாள். அதே குரல். மூச்சு வாங்கி வாங்கி, நடுவில் சிரிப்பு. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து அம்மா பேசியது. அவள் கீழே காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில், மருந்து மயக்கத்தில், மகள் பக்கத்தில் இருப்பதையே மறந்து, டெக்சாஸ் நம்பருக்குப் போட்டுவிட்டார்.

"ஹேர்," என்று அவள் தன் தலையைத் தொட்டாள். அம்மாவுக்கு மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது என்று கையைத் துடைத்துக் காட்டினாள். "நோ ஹேர். பட் ஷி ஸே, சம்படி புல்." இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில், மெதுவாகக் கிள்ளிக் காட்டினாள். என் விரல் செய்கிறதை யாரோ பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி அப்படியே இருந்தது. "எவ்ரி டே. காஃபி டைம். த்ரீ ஓ க்ளாக்." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அவள் ஊர்க் கடிகாரத்தை.

"நோ பெயின்," என்றாள். "ஷி ஸே, டெல் ஹர், நோ பெயின்." அதுதான் அந்த இரண்டு தடவை சொன்ன வார்த்தை. அந்த 'அவள்' யார் என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்சாகக் கேட்டுப் பார்த்தாளாம். அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் யாருமே போனதில்லையாம்.

எனக்கு இங்கிலீஷ் இல்லை. ஆனால் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். செடியைத் தொட்டேன். இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினேன். ஒன்பது விரலை விரித்தேன். என் கைக்கடிகாரத்தில் எட்டையும் சுவர்க் கடிகாரத்தில் மூன்றையும் காட்டினேன். "மை மதர், ஹாஸ்பிடல். ஐ டேக். எவ்ரி டே. சாரி. சாரி."

அவள் என்னைப் பார்த்தாள்.

"யுவர் மதர்?" என்று கேட்டாள்.

"ஓகே," என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி என் வாழ்க்கையில் எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தானே செடியில் கிளைகளை வெட்டி என் மடியில் போட்டாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டாள். பின்னலுக்கு உட்காருகிற மாதிரியே.

கட்டினேன். வெள்ளை நூலில், பூக்கட்டுகிற முடிச்சில், இரண்டு கிளைக்கு ஒரு முடிச்சாக. கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கிரீடத்தை அவள் தலையில் வைத்தேன். அவள் எழுந்து கண்ணாடி பார்த்தாள். மீதியிருந்த ஒரு சின்னக் கிளையை எடுத்து வந்து என் கொண்டையில் செருகினாள். சிரிக்கவில்லை. அது மன்னித்ததா, இல்லை வேறு ஏதாவதா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

சர்ச்சில் அவளை யாரும் கைப்பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே நடந்து வருவார்களாம். அவள் இடது ஷூவுக்குள், ஊரிலிருந்து வந்திருந்த அவள் அப்பா ஒரு வெள்ளிக்காசு போட்டிருந்தார். வலது ஷூவில் அம்மா தங்கக்காசு போடவேண்டும். அதில் ஒரு மிர்ட்டில் இலைதான் இருந்தது, அவளே போட்டுக்கொண்டது. காலையில் நான் பார்த்தேன்.

சாயந்திரம் ஐந்து மணிக்குப் பந்தி. ஜூன் மாசத்து டெக்சாஸ் வெயில், ஹால் முழுக்க வெளிச்சம். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துத்தான் உட்கார வைப்பார்களாம். என் வீட்டுக்காரரை எங்கேயோ அந்தக் கோடியில், இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நடுவில் போட்டுவிட்டார்கள். என் இடம் இந்தக் கோடியில், சுவரோரம். முதுகுக்குப் பின்னால் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், அதற்கப்புறம் கார் நிறுத்துகிற இடம். எனக்கு வலது பக்கம் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் தட்டு, கிளாஸ், பெயர் எழுதின அட்டை. நாற்காலி முதுகில் என் சேலத்துப் புடவை மடித்துக் கிடந்தது. அவள்தான் காலையில் எடுத்து வந்திருக்கிறாள்.

நான் பயந்த மாதிரியே எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள், செடியை எப்படிக் காத்தாய் என்று. நான் ஒவ்வொருவரிடமும் காலி நாற்காலியைக் காட்டினேன். அவர்கள் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொண்டார்களோ, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பெண்ணின் அப்பா உயரமான மனுஷன். எழுந்து ஏதோ பேசினார். பிறகு கிளாசைத் தூக்கினார். அவர்கள் குடிக்கிறதுக்கு முன்னால் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்ப்பார்கள், குடித்த பிறகும் பார்ப்பார்கள். அவர் என் பக்கமாகப் பார்த்தார். என்னை இல்லை. காலி நாற்காலியை. குடித்தார். கிளாசை இறக்கினார். மறுபடியும் பார்த்தார். எதிரில் இருக்கிறவர் கண்ணை எடுக்கிற வரைக்கும் நாமும் எடுக்காமல் இருப்போமே, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை ஏதோ வேலையாக வெளியே போனான். உடனே ஆம்பளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்து பெண்ணைச் சுற்றி வரிசையில் நின்று கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இல்லாத நேரத்தில் அப்படி ஒரு விளையாட்டாம். என் வீட்டுக்காரர் ஓட்டமாக என்னிடம் வந்தார்.

"என்னையும் வரிசையில நிக்கச் சொல்றாங்கடி! அந்தக் கெழவி சட்டையைப் பிடிச்சு இழுக்குது!"

"போய்க் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வாங்க. அதுபோதும்."

"சிரிக்கறியா நீ? பொண்ணு வெளிய போனா, மாப்பிள்ளைக்குப் பொம்பளைங்க கொடுக்கணுமாம். அப்ப உன் பொழப்பைப் பாக்கறேன்." கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார். பெண்ணும் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவர் சொன்ன மாதிரியே ஆனது. கிரீடம் சரிந்திருக்கிறது என்று பெண் எழுந்து போனாள். உடனே பொம்பளைகள் எல்லாம் கூச்சலோடு மாப்பிள்ளையிடம் ஓடினார்கள். ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் மேஜையில் நான் ஒருத்திதான். நானும் அந்தக் காலி நாற்காலியும். என் பின்னால் கண்ணாடி.

அப்போது என் கொண்டையில் ஒரு இழுப்பு. மெதுவாக, இரண்டு விரலால், நகம் படாமல். அந்தக் கிளையில்.

திரும்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். இன்னொன்று. கை தானாக மடியில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தது. மூன்று. நாலு. அந்தப் பக்கம் சிரிப்பும் கைதட்டலும் கேட்கிறது. எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி. மரிக்கொழுந்தும் தைலமும் கலந்த அந்த வாசனை எழும்புகிறது. ஏழில் ஒரு நிமிஷம் நின்றது. அன்றைக்கு டெலிபோன் அடித்தபோது நான் நின்ற மாதிரி. பிறகு எட்டு. ஒன்பது.

அதோடு நின்றுவிட்டது. இன்னும் வரும் என்று குனிந்தே இருந்தேன். வரவில்லை.

நிமிர்ந்தபோது பெண் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைச் சுற்றி நடக்கிற கூத்தை அவள் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாளா, என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாளா, சொல்லத் தெரியவில்லை. ஒரு கையால் கிரீடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போது என் வீட்டுக்காரர், "என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தே? மாப்பிள்ளைக்கு முத்தம் குடுக்கச் சொல்லுவாங்கன்னு பயமா?" என்றார். நான் கொண்டையிலிருந்து கிளையை எடுத்துப் பார்த்தேன். வெறும் குச்சி. அவள் செருகும்போது எத்தனை இலை இருந்தது என்று நான் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மறுநாள் காலையில் இருவரும் பெட்டியோடு வெளியூர் கிளம்பினார்கள். அவள் எங்கள் கதவைத் தட்டினாள். என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். நான் குச்சியை அவளிடம் காட்டினேன். என் தலையைத் தொட்டேன். இரண்டு விரலைக் காட்டி, ஒன்பதைக் காட்டினேன்.

"நோ பெயின்," என்றேன்.

அவள் அந்தக் குச்சியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரலை மூடிவிட்டாள்.

"வாட்டர்," என்றாள். இந்தத் தடவை சிரித்தாள்.

அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் பதினைந்து நாளும் நான் வாரத்துக்கு இரண்டு முறை போய்த் தண்ணீர் ஊற்றினேன். "வந்துட்டேன்மா" என்று சொல்லித்தான் நுழைந்தேன். ஒரு இலையைத் தொடவில்லை. நாற்காலியில் சால்வை கிடந்தது. வெட்டின இடத்திலெல்லாம் புதுத் துளிர் விட்டிருந்தது. எல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.